முதுகு காட்டிய ரேடியோ

தெரேசம்மாளின் ரேடியோ ஜட்காவில் வந்தது. தெரேசம்மாள் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். அவருடைய மருமகனும் எங்கள் பேண்டின் தலைவருமான சவரிமுத்து மாஸ்டர், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, வயலின் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஜட்காவுக்குப் பின்னால் நடந்து வந்தார். வண்டியில் அவருக்கு இடமில்லை. ரேடியோவுக்கு ஆட்டம் கூடாது என்பதால் குதிரையும் நடந்துதான் வந்தது.

மைசூர் லஷ்கர் மொஹல்லாவில், எங்கள் பங்குக் கோயிலை ஒட்டிய மண்டபத்து வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அங்கே ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை எங்கள் தெரு. பெண் நஞ்சன்கூடு. பெண் வீட்டார் ரயிலில் வந்து இறங்குவதற்குள் நாங்கள் மேடையைத் தயார் செய்தாக வேண்டும்.

"ஏ புள்ள, இன்னா பாத்துனு நிக்கிறே? வந்து ஒரு பக்கம் புடி," என்றார் தெரேசம்மாள்.

பிடித்தேன். நல்ல கனம். ரேடியோவின் மேல் கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்த வெள்ளை உறை. உறையின் முன்பக்கத்தில் தெரேசம்மாளே தைத்த இரண்டு பச்சைக் கிளிகள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருந்தன. ரேடியோ பாடும்போதும் அந்த உறையை அவர் எடுக்க விடமாட்டார். அதனால் அவர் வீட்டில் செய்தி வாசிப்பவர்கள் எல்லோரும் வாயில் வெற்றிலை போட்டுக்கொண்டு வாசிப்பதுபோல் இருக்கும்.

அந்தக் கிளிகளைப் பார்த்தபோது, இன்னும் ஒரு மணி நேரத்தில் என் தலையெழுத்தை அவைதான் முடிவு செய்யப்போகின்றன என்று எனக்குத் தெரியாது.

ஆளுயர வாத்தியம்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்க வருபவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஆக்னஸ். அந்த நாளில் ஒரு மிஷன் பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சர். சாயங்காலங்களில் கல்யாண பேண்டில் டபுள் பேஸ் வாசிப்பவள். சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. தசரா வந்தால் ஊர் இன்னும் யானையைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

டபுள் பேஸ் என்றால் தெரியாதவர்களுக்கு: வயலினுக்குத் தாத்தா மாதிரி ஒன்று. நிற்க வைத்துத்தான் வாசிக்க வேண்டும். வில்லால் இழுக்கலாம், விரலால் தட்டலாம். கல்யாண பேண்டில் விரலால்தான். தும், தும், தும் என்று அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டைக் கேட்பவர்களுக்கு அது காதில் விழுவதைவிடக் காலில் விழும்.

அரண்மனை வாத்தியக் கோஷ்டியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வயிற்றில் விரிசல் விட்ட தன் பேஸை எங்கள் பங்குக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதை வாசிக்கப் பேண்டில் யாருக்கும் உயரம் எட்டவில்லை. எனக்கு எட்டியது.

என் உயரத்தைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். பெண் பார்க்க வந்தவர்கள் நான் காபி தட்டோடு உள்ளேயிருந்து வரும்போது முகத்தைப் பார்க்க ஆரம்பித்து, இன்னும் மேலே, இன்னும் மேலே என்று பார்ப்பார்கள். பள்ளியில் போட்டோ எடுத்தால் என்னைப் பின் வரிசை ஓரத்தில் நிற்க வைப்பார்கள். கூனிக் கூனி நடந்தே பழகிவிட்டேன். அந்தப் பேஸை முதன்முதலில் தோளில் சாய்த்துக்கொண்டபோதுதான் முதுகு நிமிர்ந்தது. எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போயிற்று. வேறு எதைப் பறித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதை விடமாட்டேன் என்று இருந்தேன்.

அதைத் தூக்கிக்கொண்டு போவதுதான் கூத்து. மழைக்கும் தூசிக்கும் பயந்து பழைய வெள்ளை வேட்டியால் சுற்றி ஜட்காவில் படுக்கவைத்துக் கொண்டுபோவோம். ஒருமுறை தேவராஜ மார்க்கெட் வழியாகப் போனபோது, பூக்கார அம்மாள் ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டு ஒரு கைப்பிடி செவந்தியை அதன் மேல் போட்டாள். நானும் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு வணக்கம் சொன்னேன். கூட வந்த எங்கள் டிரம்காரர் சூசை, வண்டி மூலை திரும்பும்வரை வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்.

யாருக்குக் கேட்டது?

பேஸ் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் யாருக்கும் கேட்கவில்லை. இதுதான் உண்மை.

வயிற்றில் விரிசல் விட்ட வாத்தியத்திலிருந்து சத்தம் பாதிதான் வரும். அந்தப் பாதியையும் எங்கள் டிரம்பெட்காரர் முழுங்கிவிடுவார். அவர் பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். மனிதர் மூச்சைப் பிடித்து ஊதினால் மண்டபத்து ஜன்னல் கொக்கி ஆடும்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் மாஸ்டரிடம் வந்து, "எல்லாரும் நல்லா வாசிச்சீங்க. அந்தப் பொண்ணு மட்டும் எதுக்கு பீரோவைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்குது?" என்று கேட்டுவிட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

மாஸ்டர் அடுத்த நாளே என்னைக் கூப்பிட்டார்.

"ஆக்னஸ், நஞ்சன்கூடு கல்யாணம் வரைக்கும் பாப்பேன். அதுலயும் கேக்கலைன்னா அக்கார்டியன்காரனைச் சேத்துக்கறேன். அவனுக்கு ஜட்காவுல ஒரு ஆள் இடம் போதும். நீ கோயில் பாட்டுக் குழுவுக்குப் போயிடு. உன் குரல் நல்லாத்தானே இருக்கு."

என் குரல் நன்றாக இல்லை. அது அவருக்கும் தெரியும்.

காதில் மாட்டுவதைப் பேஸுக்கு மாட்டினோம்

சூசை எங்கள் பேண்டில் டிரம் அடிப்பவர். பகலில் தேவராஜ மார்க்கெட் பக்கம் ஒரு எலக்ட்ரிக் சாமான் கடையில் வேலை. பல்பை மாட்டி, எரிகிறதா என்று வாடிக்கையாளருக்குக் காட்டி, கழற்றிப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். அவ்வளவுதான் வேலை. ஆனால் கடையை விட்டு வெளியே வந்தால் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரத்தை மைசூருக்கு இழுத்து வந்ததே தான்தான் என்கிற மாதிரி நடப்பார்.

இதை எழுதும்போது அவர் பக்கத்து அறையில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். ஆமாம், பிற்பாடு அவரைத்தான் கட்டிக்கொண்டேன். மேலே எழுதியதைப் படித்துக் காட்டினேன். "ஃபியூஸும் போடுவேன், அதையும் எழுது," என்கிறார். எழுதிவிட்டேன்.

யுத்தம் முடிந்து, பட்டாளத்துச் சாமான்கள் பழைய கடைகளில் குவிந்து கிடந்த காலம் அது. சூசை எங்கிருந்தோ ஒரு ஹெட்போன் வாங்கி வந்தார். காதில் மாட்டிக் கேட்பது. "இதுல சத்தம் வெளிய வருதுல்ல? அப்ப உள்ளயும் போகும்," என்றார். நான் நம்பவில்லை. ஒரு பக்கத்துக் காது வில்லையைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, பேஸின் தந்திகளைத் தாங்கி நிற்கும் மரப்பாலத்துக்கு அடியில் இறுக்கிச் செருகினார். அதன் ஒயரை எங்கள் வீட்டு ரேடியோவின் பின்புறம், கிராமபோன் மாட்டுவதற்கு இருந்த துளைகளில் சொருகினார்.

நான் தந்தியைத் தட்டினேன். ரேடியோ "தும்" என்றது. உள்ளேயிருந்து அம்மா, "யாரு கதவைத் தட்டுறது, பாருடி," என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுவதும் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

ஆனால் எங்கள் வீட்டுக் கூடம் வேறு, மண்டபம் வேறு. அந்தச் சின்ன ரேடியோவை மண்டபத்தில் வைத்து வாசித்துப் பார்த்தால், பக்கத்து வீட்டில் யாரோ மாவு இடிப்பது போலத்தான் கேட்டது.

"ஒண்ணு போதலைன்னா ரெண்டு. ரெண்டு போதலைன்னா மூணு," என்றார் சூசை. "ஒரு ரேடியோவுல இருந்து அடுத்ததுக்கு ஒயர் இழுத்துக்கிட்டே போலாம். எல்லாம் ஒரே சத்தத்தைத்தானே போடப்போகுது? கூடிக்கிட்டே போகும்."

"ஷாக் அடிக்காதா?"

"அடிச்சா சொல்றேன்."

அடித்தது. சொல்லவில்லை, குதித்தார்.

இரவல் வாங்கிய கதை

அப்போதெல்லாம் ரேடியோ உள்ள வீடுகள் குறைவு. உள்ளவர்களும் அதைக் கழுத்துச் சங்கிலிபோல் பார்த்துக்கொள்வார்கள். இரவல் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

முதல் ரேடியோ எங்கள் அப்பாவுடையது. மறுநாள் சிலோன் பாட்டு வைக்கும் நேரத்துக்குள் திரும்ப வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது பக்கத்து வீட்டு நரசிம்ம ஐயங்காருடையது. மேல்கோட்டைக் குடும்பம். சங்கீதத்தில் பிரியம் உள்ளவர். எங்கள் வீட்டில் நான் "கதவைத் தட்டுவதை" ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு, ஸ்ருதி சேரவில்லை என்று சொல்லியனுப்புவார்.

"தாராளமா எடுத்துண்டு போ," என்றார். "ஆனா கல்யாண சமையல் வாசனை படாத எடமா வை. எனக்கு ஒண்ணும் இல்லை. ஆத்துல கேப்பா."

எங்கள் மேடைக்கு நேர் பின்னால்தான் பிரியாணிக் கொட்டகை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த இரண்டையும் முதல் நாளே மண்டபத்தில் வைத்து, ஒயரால் இணைத்து, வாசித்துப் பார்த்தோம். நன்றாகவே கேட்டது. மாஸ்டர் மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் நின்று கேட்டுவிட்டு, "ம், வருது. ஆனா ஜனம் உக்காந்தா அமுங்கிடும். இன்னொண்ணு வேணும்," என்றார்.

இன்னொன்று யாரிடம் இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் மாஸ்டரைப் பார்க்கவில்லை. அவரும் கூரையைப் பார்த்தார்.

தெரேசம்மாள் கோலார் தங்கவயல்காரர். கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது வாங்கியது அந்த ரேடியோ. அவர் காலமான பிறகு ரேடியோவோடு மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். மாஸ்டர் ஆபீசில் இங்கிலீஷ் பேசுவார், கடைத்தெருவில் கன்னடம் பேசுவார், எங்களிடம் தமிழில் கத்துவார். மாமியாரிடம் எந்த மொழியும் பேசமாட்டார். அவர் வரும்போது எழுந்து நிற்பார், போகும்போது உட்காருவார்.

அதனால் நான்தான் போய்க் கேட்டேன்.

"குடுக்குறேன், இல்லாம இன்னா," என்றார் தெரேசம்மாள். "ஆனா என் ரேடியோ நடுவுல இருக்கணும். கிளி ஜனங்களப் பாக்கணும். நான் மொத வரிசையில குந்துவேன். சத்தம் நான் வெச்ச அளவுலதான் இருக்கணும். புரிஞ்சிதா?"

"சரிங்க பெரியம்மா."

"அன்னிக்குத்தான் எடுத்தாருவேன். ஒரு ராத்திரி அது வெளிய தங்காது."

கூட்டினால் குறைந்தது

இப்படித்தான் அன்று அது ஜட்காவில் வந்து இறங்கியது. மேடை நடுவில் மேஜை போட்டு அதை வைத்தோம். வலப்பக்கம் அப்பாவுடையது, இடப்பக்கம் ஐயங்காருடையது. சூசை ஒயர்களை மாட்டினார். உறைக்கு உள்ளேயிருந்து ரேடியோ முகப்பின் பச்சை வெளிச்சம் வந்தது. தெரேசம்மாள் தன் கையால் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

நான் வாசித்தேன்.

"வாசி," என்றார் மாஸ்டர், நடு மண்டபத்திலிருந்து.

"வாசிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன் மாஸ்டர்."

மூன்று ரேடியோவும் உயிரோடுதான் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் காதை வைத்தால் கேட்டது. நாலு அடி தள்ளிப் போனால் ஒன்றும் இல்லை. முதல் நாள் கேட்ட அளவுகூட இல்லை. மூன்று பேர் சேர்ந்து தூக்கினால் கனம் குறையும், சத்தமுமா குறையும்?

"பெரிசு சின்னதை முழுங்குது," என்று சூசை தன் ஆராய்ச்சியை என் காதில் சொன்னார்.

நைசாகக் கையை நீட்டி நடு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன். உடனே பேஸ் எட்டிப் பார்த்தது. தெரேசம்மாள் எழுந்து வந்தார். "என் ரேடியோ இவ்ளோ மெதுவா பேசாது," என்று குமிழைத் திருப்பிவிட்டுப் போனார். பேஸ் காணாமல் போயிற்று. மறுபடி குறைத்தேன். மறுபடி வந்தார். மூன்றாம் முறை என் கையிலேயே ஒரு தட்டுத் தட்டினார்.

அதைப் பேசாமல் கழற்றிவிட்டு இரண்டோடு வாசித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் தெரேசம்மாளைப் பார்த்ததில்லை.

"சாக்கு," என்றார் மாஸ்டர். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும்; சாக்கு என்றால் போதும். "சாக்கு, இதெல்லாம் பேடா, வேண்டாம். அந்தப் பேஸை ஓரமா சாய்ச்சு வை. அக்கார்டியன்காரன் வீடு பக்கத்துத் தெருதான், நானே போய்க் கூட்டிட்டு வரேன்."

போய்விட்டார். நான் பேஸைச் சாய்த்து வைக்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதால் மை கரையும், பெண் வீட்டார் வந்துவிடுவார்கள் என்று எதையெதையோ நினைத்து அடக்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில், "ரயில் வந்துடுச்சாம்," என்று யாரோ சொன்னார்கள். பெண்ணின் நகைகளை முதலில் பார்த்துவிட வேண்டும் என்று தெரேசம்மாள் எழுந்து வெளியே போனார்.

"ஒயர்ல ஏதோ கோளாறு. நீ நிறுத்தாம தட்டிக்கிட்டே இரு," என்று சொல்லிவிட்டு சூசை நடு ரேடியோவைப் பின்பக்கம் பார்ப்பதற்காக அப்படியே மேஜை மேல் திருப்பினார்.

தும் என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள். கேக் மேஜையில் அடுக்கியிருந்த கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

சூசை ரேடியோவை முன்பக்கம் திருப்பினார். சத்தம் போயிற்று. பின்பக்கம் திருப்பினார். வந்தது. முன்பக்கம். போயிற்று. பின்பக்கம். வந்தது. புது விளையாட்டுச் சாமான் கிடைத்தவர் மாதிரி திருப்பிக்கொண்டே இருந்தார்.

காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. ரேடியோ ஸ்பீக்கரில் உள்ள தாள் முன்னும் பின்னும் ஆடித்தான் சத்தம் போடுகிறது. இரண்டு ரேடியோவின் தாள் முன்னே வரும்போது தெரேசம்மாளின் ரேடியோவில் மட்டும் பின்னே போயிருக்கிறது. இரண்டு பேர் தள்ள, ஒருத்தர் இழுத்தால் வண்டி எங்கே நகரும்? அதைத் திருப்பி வைத்தால் அதன் இழுப்பு நம் பக்கத்துக்குத் தள்ளலாகிவிடும். அந்தக் காலத்து ரேடியோவுக்குப் பின்புறம் ஓட்டை போட்ட அட்டைதான் என்பதால் சத்தம் அந்தப் பக்கமும் நன்றாகவே வரும். அன்று இதெல்லாம் தெரியாது. அந்த ரேடியோ குணத்தில் அதன் சொந்தக்காரியைக் கொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தோம்.

கிளிகள் இடம் மாறின

"சரி, திருப்பியே வெச்சிடலாம்," என்றேன்.

"கிளி?" என்றார் சூசை.

இருவரும் உறையைப் பார்த்தோம். அது மேலிருந்து போடும் சட்டைதான். முன்பக்கம் முழுதாகத் தொங்கும், பின்பக்கம் சூடு போகத் திறந்திருக்கும். கழற்றி, திருப்பி மாட்டினோம். கிளிகள் இப்போது ரேடியோவின் முதுகில் உட்கார்ந்து ஜனங்களைப் பார்த்தன. ஒயர்களும் அட்டையும் மறைந்தன. ரேடியோவின் நிஜமான முகம் சுவரைப் பார்த்து நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை.

மாஸ்டர் அக்கார்டியன்காரனோடு வாசலுக்கு வந்தபோது நான் சும்மா ஒரு சுற்று வாசித்தேன். மாஸ்டர் நின்றுவிட்டார்.

"யாரு அது?"

"நான்தான் மாஸ்டர்."

அவர் ரேடியோவைப் பார்த்தார், கிளிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அக்கார்டியன்காரனை இரண்டாவது வரிசையில் உட்காரச் சொன்னார். "மொதல் ரெண்டு மூணு பாட்டு பாப்போம். இது மறுபடி மக்கர் பண்ணுச்சுன்னா நீ மேல வந்துடு." அவன் அக்கார்டியனை மடியில் வைத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

கஞ்சி வாசனை

மாப்பிள்ளையும் பெண்ணும் உள்ளே வந்தார்கள். மார்ச் ஆரம்பித்தது. வயலின் மேலே போயிற்று, டிரம்பெட் ஜன்னலை ஆட்டியது, அடியில் நான் நடந்தேன். அன்று முதன்முதலாக என் சத்தம் எனக்கே மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து திரும்பிக் கேட்டது. மணப்பெண்ணே கால் மாற்றி என் தாளத்துக்கு நடந்தாள். நஞ்சன்கூட்டிலிருந்து வந்திருந்த அவளுடைய மாமா ஒருவர் கைத்தடியைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பல்லெல்லாம் தெரிய நின்று வாசித்தேன், டீச்சர் என்கிற நினைப்பே இல்லை.

தெரேசம்மாள் முதல் வரிசையில் திரும்பித் திரும்பி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாம் நம்ம ரேடியோதான். நடுவுல இருக்கே, அதான்."

இரண்டாவது பாட்டும் முடிந்தது. மூன்றாவது பாட்டில் கேக் வெட்டினார்கள். அப்போதுதான் தெரேசம்மாளின் மூக்கு லேசாக விடைத்தது.

எனக்கும் வந்தது அந்த வாசனை. கஞ்சி போட்ட துணியை இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்க்கும்போது வருமே, அது. ரேடியோவின் பின்புறச் சூடு போக வழியில்லாமல் உறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. தெரேசம்மாள் கிளிகளைப் பார்த்தார். பிறகு கிளிகளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார். சுவரில் பச்சை வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது.

எழுந்தார். மேடையேறினார். நான் சூசையைப் பார்த்தேன். சூசை டிரம்மைப் பார்த்தார்.

தெரேசம்மாள் உறையைத் தூக்கினார். ஊர் முன்னால் அவருடைய ரேடியோவின் முதுகு தெரிந்தது. ஓட்டை அட்டை, அதற்குள் சிவப்பாக எரியும் வால்வுகள், தொங்கும் ஒயர்கள். அதுகூடப் பரவாயில்லை. தங்கவயலை விட்டு வந்த நாளிலிருந்து சுவரோரமாகவே இருந்த அந்த முதுகில் யாரும் துணி போட்டுத் துடைத்ததில்லை போலிருக்கிறது. ஒட்டடை தொங்கியது. ஒரு கரப்பான் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எந்நேரமும் பெருக்கிக்கொண்டும் துடைத்துக்கொண்டும் இருக்கும் மனுஷி அவர். முதல் வரிசையில் இரண்டு பெண்கள் வாயை மூடிச் சிரித்ததை அவர் பார்த்துவிட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் நான் தந்தியைப் பார்த்தேன்.

தெரேசம்மாள் ரேடியோவை இரண்டு கையாலும் அணைத்து, முன்பக்கம் திருப்பி வைத்தார்.

பேஸ் போயிற்று.

பாட்டு நடுவில் யாரோ தரையை உருவிக்கொண்டது போல் ஆயிற்று. நஞ்சன்கூட்டு மாமாவின் கைத்தடி தூக்கியபடியே நின்றது. மாஸ்டரின் வயலின் தனியாக, கொசு மாதிரி, மேலே எங்கேயோ இழைந்துகொண்டிருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்திவிட்டேன் என்று நினைத்திருப்பார். நான் விரல் தேயத் தட்டிக்கொண்டிருந்தேன். அதை நன்றாகப் பார்த்தார். இரண்டாவது வரிசையில் அக்கார்டியன்காரன் எழுந்து தோல் பட்டையைத் தோளில் மாட்ட ஆரம்பித்தான்.

மாஸ்டர் வில்லை இறக்கினார். டிரம்பெட் எதையும் கவனிக்காமல் கொஞ்ச தூரம் தனியாகப் போய்விட்டு நின்றது. மாஸ்டர் அக்கார்டியன்காரனைப் பார்த்துக் கையமர்த்தினார், உட்கார் என்று. வயலினை நாற்காலியில் வைத்தார். மாமியார் எதிரில் போய் நின்றார்.

"அத்தை, அது திரும்பித்தான் நிக்கணும்."

"ஊரு முன்னாடி என் ரேடியோ முதுகக் காட்டணுமா?"

"ஆமா அத்தை. இப்ப நீங்க திருப்பினதும் என் பாட்டுல பாதி போயிடுச்சு. இத்தனை நாள் அந்தப் பாதி இல்லாமலே வாசிச்சிருக்கேன், எனக்கே தெரியல. ஆக்னஸ் கேக்கணும்னா அது திரும்பித்தான் நிக்கணும்."

கல்யாணமான நாளிலிருந்து மாமியாரிடம் அவர் அவ்வளவு பேசியதை யாரும் கேட்டதில்லை. அவர் மனைவி பந்தி பக்கத்திலிருந்து கரண்டியோடு ஓடிவந்து நின்றுகொண்டிருந்தார். மாஸ்டர் ரேடியோவைத் திருப்பினார். நான் ஒரே ஒரு தடவை தந்தியைத் தட்டினேன். தும் என்றது.

தெரேசம்மாள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேலை முந்தானையை உதறி எடுத்தார்.

"காட்டித்தான் ஆவணும்னா அழுக்கோட ஏன்டா காட்டணும்?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அட்டை முழுவதையும் அழுத்தித் துடைத்தார். ஒட்டடையை உருட்டி எடுத்தார். கரப்பானை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"பெரியம்மா, ஓட்டைக்குள்ள விரலைப் போடாதீங்க, ஷாக் அடிக்கும்," என்றார் சூசை.

"என்னையா? அடிச்சிப் பாக்கச் சொல்லு."

துடைத்து முடித்து, தள்ளி நின்று பார்த்து, ஒரு மூலையில் மறுபடி துடைத்தார். உறையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, அந்த இரண்டு பெண்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

மாஸ்டர் வயலினை எடுத்துத் தாடையில் வைத்தார். எங்கள் பேண்டில் எந்தப் பாட்டையும் வயலின்தான் ஆரம்பிக்கும். நான் எப்போதும் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்பவள். அன்று அவர் வில்லைத் தூக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"நீ ஆரம்பி ஆக்னஸ். நாங்க வந்து சேந்துக்கறோம்."

மாஸ்டர் காத்திருந்தார். சூசை குச்சிகளைத் தூக்கியபடி காத்திருந்தார். டிரம்பெட்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும், கேக்கைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அத்தனை ஜனமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முதுகை நிமிர்த்தி, முழு உயரத்துக்கும் நின்று, தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே அவர்களைக் காக்க வைத்துவிட்டு, முதல் தந்தியைத் தொட்டேன்.